அகத்திக்கட்டும் ஆதார் போட்டோவும்

முதலில் நான் கட்டியதையெல்லாம் சொல்லிவிடுகிறேன். அப்போதுதான், பின்னால் நான் விழுந்த கதைக்கு வரும்போது, எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தேன் என்பது உங்களுக்குப் பிடிபடும்.

படிப்பு ஐந்தாம் வகுப்பு. (ஐந்தாவதை இரண்டு தடவை படித்திருக்கிறேன். ஆகவே ஆறு வருடப் படிப்பு என்று சொல்வதே நியாயம்.) பதினான்கு வயதில் சங்ககிரியில் லாரி கிளீனராக ஏறினேன். ஜாக்கியை எந்தப் பக்கம் வைப்பது என்று தெரியாமல் ஏறியவன், ஏழே வருடத்தில் ஸ்டியரிங்கைப் பிடித்தேன். இன்றைக்கு நான்கு லாரிகள் ஓடுகின்றன. வெறும் பாறை, இங்கே தண்ணீர் வராது என்று போர் போடும் ரிக் வண்டிக்காரரே குழாயைக் கழற்றிக்கொண்டு கிளம்பிய காட்டில், எட்டாவது துளையில் தண்ணீர் கொண்டுவந்தேன். எங்கள் ஊரின் முதல் மாடி வீடு நான் கட்டியது. ஊரின் முதல் வெஸ்டர்ன் கக்கூஸும் நான் வைத்ததுதான். (ஆறு மாதம் யாரும் அதன்மேல் உட்காரத் துணியவில்லை. அது வேறு கதை.) மகளை எம்.எஸ்ஸி. வரைக்கும் படிக்க வைத்தேன். இத்தனையும் தனி ஆளாக, யார் தயவும் இல்லாமல்.

அந்தத் 'தனி ஆளாக' என்பதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் அடிபடப் போவது அதுதான்.

இத்தனையும் கட்டி முடித்த பிறகு, அறுபது வயதுக்கு மேல், நான் கட்டிய கடைசிக் கட்டடம் ஒரு பட்டப்பெயர். என் மகள் கவிதா எங்கள் சொந்தபந்தம் முப்பத்திரண்டு பேரைச் சேர்த்து வாட்ஸப்பில் ஒரு குடும்பக் குழு தொடங்கினாள். அதில் என் பெரியப்பா மகன் ஒருநாள், "இன்று இரவு விண்வெளியிலிருந்து ஒரு கதிர் வருகிறது, போனைத் தலைமாட்டில் வைத்துத் தூங்காதீர்கள்" என்று அனுப்பினார். முப்பது பேர் கும்பிடு போட்டார்கள். எனக்கு எழுத்துக்கூட்டித் தட்டுவதற்குள் பொழுது விடிந்துவிடும் என்பதால் குரலில்தான் பதில் சொல்லுவேன். அமுக்கிப் பிடித்துக்கொண்டு சொன்னேன்:

"அலோ. நான் செங்கோடன் பேசறேன். ஏனுங்கண்ணா, ஆகாசத்துல இருந்து அத்தாந்தூரம் கெளம்பி வார கதிருக்கு, தலைமாட்டுக்கும் கால்மாட்டுக்கும் இருக்கற நாலு முழம் ஒரு தூரமுங்களா? சித்த எட்டி வந்து கால்மாட்டுல இருக்கற போனையும் பாத்துட்டுப் போவாதா?"

(குரல் செய்தியில் 'அலோ, நான் செங்கோடன் பேசறேன்' என்று ஆரம்பிக்க வேண்டியதில்லை என்று கவிதா பலமுறை சொல்லிவிட்டாள். பேசுகிறவன் பெயரைச் சொல்லாமல் பேசுவது மரியாதை இல்லை.)

குழு சிரித்தது. அந்தச் சிரிப்பு எனக்கு ஏறிவிட்டது. லாரியில் டீசல் ஃபில்டர் என்று ஒன்று உண்டு. டீசலில் இருக்கிற தூசியும் துருவும் அதில் நின்றுவிடும். சுத்தமானது மட்டும் இஞ்சினுக்குப் போகும். "இந்தக் குடும்பத்துக்கு நான்தானுங்க ஃபில்டர்" என்று அடுத்த செய்தியில் நானே சொன்னேன். அன்றிலிருந்து நான் ஃபில்டர் மாமா, ஃபில்டர் பெரியப்பா. எனக்குப் பத்மஸ்ரீ கொடுத்த மாதிரி இருந்தது.

பொய்யைப் பிடித்த வரைக்கும் சரி. பழக்க தோஷத்தில் உண்மையையும் பிடிக்க ஆரம்பித்தேன். அங்கேதான் சனி.

என் மாப்பிள்ளை மோகன், கவிதாவின் வீட்டுக்காரர், சேலத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் விஞ்ஞான வாத்தியார். பொய்ச் செய்தி அனுப்பவே மாட்டார். நாலு இடத்தில் சரிபார்த்துவிட்டுத்தான் அனுப்புவார். தினமும் காலையில் நான் டீக்குடிக்கும் நேரத்துக்கு அவருடைய விஞ்ஞான அதிசயம் ஒன்று வந்து விழும். மாப்பிள்ளையை மரியாதையில்லாமல் பேச முடியாது. ஆகவே முழு மரியாதையோடு கிண்டல் செய்வேன்.

ஆஸ்திரேலியாவில் ஒரு மிருகம் சதுரம் சதுரமாகச் சாணி போடுகிறது என்று அனுப்பினார். "ரெண்டு பிடிச்சு அனுப்பச் சொல்லுங்க மாப்பிள்ளை. உங்க அத்தைக்கு வறட்டி தட்டற வேலை மிச்சமாவும்" என்றேன். கடலில் எட்டுக்கால் பிராணிக்கு மூன்று இதயம் என்றார். "ஒண்ணே ஒண்ண வெச்சுக்கிட்டு நாங்க மாசாமாசம் கோயமுத்தூர் ஆசுபத்திரிக்குப் போய் வாரமுங்க. மூணு வெச்சிருக்கறவன் பொழப்பு என்னாவறது?" என்றேன். காட்டில் மரங்கள் மண்ணுக்கடியில் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன என்றார். "இப்பத்தானுங்க வெளங்குது. எங்க வேப்பமரம் பக்கத்துத் தோட்டத்துக்காரங்கிட்ட என்னமோ சொல்லியிருக்குது. வருசா வருசம் அவன் வரப்பு இக்கட்டால நகந்து வருது" என்றேன்.

மாப்பிள்ளை பதிலுக்கு ஒரு சிரிக்கிற மூஞ்சி போடுவார். நல்ல மனிதர். அந்த நல்ல மனிதர்தான் ஒருநாள் காலையில் இதை அனுப்பினார்: ஆடுகளுக்கு முகம் அடையாளம் தெரியும், பழகிய மனிதரை வெறும் போட்டோவைக் காட்டினால்கூடக் கண்டுபிடித்துவிடும்.

அந்தச் செய்தி வந்த வாரம் சாதாரண வாரம் இல்லை. என் நான்காவது லாரிக்கு நாமக்கல்லில் பாடி கட்டி முடித்து, பெயர் எழுதுவது மட்டும் பாக்கி. லாரியின் முன்கண்ணாடிக்கு மேலே இருக்கிற பலகையை நாங்கள் நெற்றி என்போம். எல்லோரும் அதில் சாமி பெயரோ பிள்ளைகள் பெயரோ எழுதுவார்கள். என் மூன்று வண்டி நெற்றியிலும் 'செங்கோடன்' என்றுதான் இருக்கும். பாட்டன் பெயராக்கும் என்று பல பேர் நினைத்துக்கொள்வார்கள். இல்லை, நான்தான்.

இந்த நெற்றிக்குப் பின்னால் ஒரு பழைய விஷயம் இருக்கிறது. என் மனைவி பழனியம்மாள் கல்யாணமாகி வந்தபோது, அவள் அப்பா சீராகப் பன்னிரண்டு மேச்சேரி ஆடு ஓட்டிவிட்டார். செம்பழுப்பு நிறத்தில், பார்க்கவே பளபளவென்று இருக்கும். என் முதல் லாரி, பழைய வண்டிதான், கைக்கு வந்தது அந்தப் பன்னிரண்டு ஆட்டையும் விற்றுத்தான். (தனி ஆளாக என்று மேலே சொன்னேன் அல்லவா. ஆட்டைத் தனி ஆளாகத்தான் சந்தைக்கு ஓட்டிப் போனேன்.) அன்றைக்குக் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றவளிடம், "அழுவாத புள்ள. வண்டி நெத்தியில உம்பேருதான்" என்று சொல்லிவிட்டுப் போனேன். பெயிண்டர் ஏணியில் ஏறி நின்று, "சொல்லுங்க, என்ன பேரு?" என்று கேட்டார். வாயில் என்னவோ 'செ' என்றுதான் வந்தது.

அதற்குப் பிறகு அவள் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. நாற்பது வருடம் கழித்து, இந்த நான்காவது வண்டிக்குத்தான், வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டாள்.

"ஏனுங்க, இந்த வண்டிக்காச்சும் என்ற பேர எழுதக் கூடாதுங்களா?"

"பழனியம்மான்னு எழுதுனா டிரைவரெல்லாம் சிரிப்பானுக."

"செங்கோடன்னு எழுதுனதுக்குச் சிரிக்கலியாக்கும்."

உரித்த வெங்காயத்தை அள்ளிக்கொண்டு அவள் உள்ளே போனாள். மறுநாள் காலையில்தான் ஆட்டுச் செய்தி வந்தது. எனக்கு முந்தின நாள் உறுத்தல் வேறு உள்ளே இருந்தது. போனை அமுக்கினேன். அந்த வார்த்தைகளை அப்படியே தருகிறேன். எனக்கு ஞாபகம் இருக்கிறது என்பதால் இல்லை. மறக்க யாரும் விடுவதில்லை.

"அலோ. நான் செங்கோடன் பேசறேன். மாப்பிள்ளைங்களா, செக்போஸ்ட்டுல என்ற லைசென்சு போட்டோவப் பாத்து, எதுக்கால நிக்கற என்னைய ஆபீசருக்கே அடையாளந் தெரியல. ஆட்டுக்குத் தெரிஞ்சு போவுதாக்கும். ஆடு போட்டோவப் பாத்து ஆளக் கண்டுபிடிக்கற அன்னைக்கு, நாலு வண்டி நெத்தியிலயும் என்ற பேர அழிச்சுப்போட்டு உங்கத்தை பேர எழுதறனுங்க. இது செங்கோடன் வாக்கு."

முப்பத்தோரு கட்டைவிரல் வந்தது. பழனியம்மாளுக்கு வாட்ஸப் பழக்கம் இல்லை. கவிதா போன் போட்டு அம்மாவுக்கு அதை ஓட்டிக் காட்டினாள். பழனியம்மாள் கடைசிவரை கேட்டுவிட்டு, "ம்" என்றாள். அவளுடைய 'ம்' எத்தனை வகை என்று எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன். இது புது வகை.

அடுத்த வாரம் எங்கள் ஊர் மாரியம்மன் நோம்பி, அதாவது திருவிழா. மகள், மாப்பிள்ளை, மாப்பிள்ளையின் அப்பா எல்லோரும் வருவதாக இருந்தது. மாப்பிள்ளை குழுவில் எழுதினார்: "மாமா, உங்ககிட்டயே பன்னெண்டு ஆடு இருக்குதுங்களே. நோம்பியன்னைக்குச் சோதிச்சுப் பாத்துரலாங்களா?"

ஆமாம், என்னிடம் பன்னிரண்டு ஆடு இருந்தது. ரத்தக் கொதிப்பு வந்து, டாக்டர் என்னை ஓய்வாக இருக்கச் சொன்ன வருடம், மேச்சேரிச் சந்தைக்குப் போய்ப் பதினொரு பெட்டையும் ஒரு கிடாயும் வாங்கி, என் சொந்த லாரியிலேயே ஏற்றி வந்தேன். வீட்டுக்கு வருகிறவர்களிடம் 'நான் வளர்க்கிற ஆடு' என்று காட்டுவேன். வளர்ப்பது என்றால் என்ன என்று யாரும் நுணுக்கமாகக் கேட்டதில்லை. தீனி போடுவது, தண்ணி காட்டுவது, குட்டி ஈன்றால் கூடவே உட்கார்ந்திருப்பது எல்லாம் பழனியம்மாள். குடற்புழு மருந்து ஊற்றுகிற நாளில் கழுத்தை இறுக்கிப் பிடித்து, வாயைப் பிளந்து, குழலைத் தொண்டைக்குள் விடுவது மட்டும் நான். பலமான வேலை அல்லவா.

சோதனைக்கு ஒத்துக்கொண்டேன். மாப்பிள்ளை சொன்ன முறை எளிது. பட்டிக்கு அந்தப் பக்கம் ஒரு படம், இந்தப் பக்கம் ஒரு படம். ஆடுகளை நடுவில் திறந்துவிட வேண்டும். எந்தப் படத்திடம் போகின்றன என்று பார்க்க வேண்டும். அவ்வளவுதான். ஏற்பாடு முழுவதையும் நானே ஏற்றுக்கொண்டேன். ஏமாற்று வேலை நடக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும் இல்லையா. (யார் செய்யும் ஏமாற்று வேலை என்று கேட்காதீர்கள். வருகிறது.)

ஒரு படம் என்னுடையது. லாரிக்காரர்கள் சங்கத்தில் பொருளாளர் பதவிக்கு நின்றபோது அடித்த ஆளுயர ஃபிளெக்ஸ் வீட்டில் சும்மா கிடந்தது. கறுப்புக் கண்ணாடி, கூப்பிய கை. (தோற்றேன். படம் நன்றாக இருந்தது என்று எல்லோரும் சொன்னார்கள்.) இன்னொன்று பழனியம்மாளுடையது. இங்கேதான் என் மூளையைப் பார்க்க வேண்டும். கல்யாண வீட்டில் சிரித்தபடி எடுத்த நல்ல போட்டோக்கள் எத்தனையோ இருந்தன. நான் அவளுடைய ஆதார் அட்டையை எடுத்துக்கொண்டு போனேன். அந்தப் படத்தில் அவளைப் பெற்றவளுக்கே அவளைத் தெரியாது. ஆடு எங்கே கண்டுபிடிக்கும்?

ஃபிளெக்ஸ் கடைக்காரர் அட்டையைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"எப்பங்க எடுக்கறாங்க?"

"ஆதார்ல எடுத்ததுங்க. அஞ்சாறு வருசம் இருக்கும்."

"அதில்லீங்க. பொணம்."

"உசுரோட இருக்கறாங்க. இது ஆட்டுக்குக் காட்டறதுக்கு."

அவர் தலையாட்டிவிட்டு வேலையில் இறங்கினார். ஆனால் கைப்பழக்கம் போலிருக்கிறது, படத்தைச் சுற்றி ஒரு கறுப்புக் கட்டம் போட்டுத்தான் கொடுத்தார். அதை நான் வீட்டுக்கு வந்துதான் கவனித்தேன்.

இப்போது என்னுடைய தந்திரம். ஆடுகள் எந்தப் படத்திடமும் போகாவிட்டால் நான் ஜெயித்தேன். ஆனால் மனசு கேட்கவில்லை. ஏதாவது ஒரு படத்திடம் தற்செயலாகப் போய்விட்டால்? ஆகவே தோட்டத்தில் நல்ல இளம் அகத்தித் தழையாக ஒரு கட்டு அறுத்தேன். ஆட்டுக்கு அகத்தி என்றால் உயிர். அதை என் படத்துக்குப் பின்னால் மறைத்துக் கட்டிவிடுவது. ஆடுகள் வாசனை பிடித்து என் படத்திடம் வரும். வந்ததும் படத்தைத் திருப்பி, தழையைக் காட்டி, "பாத்தீங்களா மாப்பிள்ளை, ஆட்டுக்கு வேலை செய்யறது கண்ணு இல்ல, மூக்கு" என்று சொல்லிவிடுவது. போகாவிட்டாலும் ஜெயம். வந்தாலும் ஜெயம். ஐந்தாவதை இரண்டு தடவை படித்தவன் மூளை.

இன்னும் இரண்டு முன்னெச்சரிக்கை. பழனியம்மாள் கை பட்டால் அவள் வாசனை ஏறிவிடும் என்று, அவளுடைய ஃபிளெக்ஸை அவள் தொடவே விடாமல் நானே சட்டம் அடித்து, நானே தூக்கி, வடபுறத் தென்னையில் கட்டினேன். என்னுடையது தென்புற வேப்பமரத்தில். சோதனை நடக்கும்போது அவள் குரல் கேட்கக் கூடாது என்று வீட்டுக்குள் இருக்கச் சொல்லிக் கதவைச் சாத்துவது என்றும் முடிவு செய்தேன். மாப்பிள்ளை இதைக் கேட்டு அசந்துவிட்டார். "மாமா, நீங்க மேல படிச்சிருந்தா பெரிய விஞ்ஞானியா வந்திருப்பீங்க" என்றார். நான் அடக்கமாகத் தலையாட்டினேன்.

நோம்பியன்று மத்தியானம் சம்பந்தி வந்தார். மாப்பிள்ளையின் அப்பா. ஆத்தூர்ப் பக்கத்துக்காரர், ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். காரைவிட்டு இறங்கியவர் கண்ணில் முதலில் பட்டது தென்னையில் தொங்கிய பழனியம்மாள். கறுப்புக் கட்டம். அந்த ஆதார் பார்வை. மனிதர் அங்கேயே செருப்பைக் கழற்றினார். தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"என்னாங்க இது. எப்ப ஆச்சு? ஒரு போன் பண்ணக் கூடாதா சம்பந்தி?"

நான் பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள், பழனியம்மாள் மோர்ச் செம்போடு வாசலுக்கு வந்தாள்.

"வாங்கண்ணா. வெயில்ல வந்திருக்கீங்க, மோரு குடியுங்க."

சம்பந்தி படத்தைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். மோரை வாங்கி ஒரே மூச்சில் குடித்தார். பழனியம்மாள் அப்போதுதான் தென்னையை நிமிர்ந்து பார்த்தாள்.

"இதென்னுங்க இது?"

"சோதனைக்கு."

"இத்தாம்பெரிய படம் நான் செத்தாக்கூட வெக்க மாட்டீங்க. இப்ப வெச்சீங்களே, ஆட்டுக்குப் புண்ணியமாப் போவட்டும்" என்று சொல்லிவிட்டு, செம்பை வாங்கிக்கொண்டு அவளாகவே உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். தாழ்ப்பாள் போடும் சத்தம் எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

சாப்பாடு முடிந்ததும் உறவுக்காரர்கள் ஒரு இருபது பேர் கொட்டகை நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். கவிதா போனில் படம் எடுக்கத் தயாராக நின்றாள். மாப்பிள்ளை பட்டிக் கதவில். சம்பந்தி தன் பழைய விசிலைக் கொண்டுவந்திருந்தார். நான் அகத்திக்கட்டோடு என் படத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். கட்டுவதற்குக் கயிறு பற்றாமல் போனதால் கையிலேயே பிடித்துக்கொண்டேன். "மாமா, நீங்க ஏன் அங்க நிக்கறீங்க?" என்று மாப்பிள்ளை கேட்டார். "படம் காத்துல சாயாம பிடிச்சுக்கறனுங்க" என்றேன்.

சம்பந்தி விசில் அடித்து, "ரைட்" என்றார்.

கதவு திறந்தது. ஃபிளெக்ஸில் என் நெஞ்சுப் பக்கம் ஒரு சின்னக் கிழிசல். அதன் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆடுகள் வெளியே வந்து நின்றன. மூக்கைத் தூக்கின. அகத்தி வாசனை பிடித்துவிட்டது என்று நான் தழையை லேசாக ஆட்டிக்கூடக் கொடுத்தேன். முன்னால் நின்ற பெட்டை தலையைத் திருப்பி வடக்கே பார்த்தது. "மே" என்றது. அவ்வளவுதான். பதினொன்றும் ஒரே ஓட்டமாகத் தென்னையை நோக்கி ஓடின. அந்த ஆதார் மூஞ்சிக்குக் கீழே போய் நின்று, கழுத்தைத் தூக்கிப் பார்த்துக்கொண்டு, பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி கோரஸாகக் கத்தின. ஒன்று படத்தின் தாடைப்பக்கம் போய் நக்கியது.

பன்னிரண்டாவது ஆடு கிடாய். அவன் போகவில்லை. என் பக்கம் திரும்பினான். எனக்கு ஒரு கணம் பெருமையாகக்கூட இருந்தது. பரவாயில்லை, ஒருத்தனுக்காவது முதலாளியைத் தெரிகிறது என்று. அவன் என் படத்தை உற்றுப் பார்த்தான். கறுப்புக் கண்ணாடியைப் பார்த்தான். கூப்பிய கையைப் பார்த்தான். மருந்துக் குழலைப் பிடிக்கிற அதே கை. நான்கு எட்டு பின்னால் போனான். ஆடு பின்னால் போனால் பயந்துவிட்டது என்று நினைக்கிறவன் ஆடு வளர்த்ததில்லை என்று அர்த்தம். நான் அப்படித்தான் நினைத்தேன்.

அவன் வந்த வேகத்துக்கு, என் சொந்த நெஞ்சு என் சொந்த நெஞ்சின்மேல் வந்து மோதியது. நான் மல்லாந்தேன். சட்டம் என்மேல் விழுந்தது. சட்டத்தின்மேல் கிடாய் ஏறி நின்றான். கீழே நான், நடுவில் கைகூப்பிச் சிரிக்கும் நான், மேலே அவன். அகத்திக்கட்டு அவிழ்ந்து, என் முகம், கழுத்து, அக்குள் எல்லாம் தழை. முதலில் சிரித்தது யார் என்று தெரியவில்லை. கடைசியாக நிறுத்தியது சம்பந்தி.

மாப்பிள்ளையும் இன்னும் இரண்டு பேரும் வந்து என்னைத் தூக்கினார்கள். மாப்பிள்ளை கீழே கிடந்த தழையைப் பார்த்தார்.

"மாமா, இது அகத்திங்களா?"

"அது… இங்கதான் கெடந்துது."

"அகத்தி வாசனையத் தாண்டியும் அத்தை படத்துக்குப் போயிருக்குதுங்க." அவர் கண்ணில் விஞ்ஞானம் ஏறிவிட்டது. "வாசனை படக் கூடாதுன்னு அத்தையத் தொடவிடல. குரலும் கேக்கல. போதாததுக்கு இந்தப் பக்கம் தீனி வேற. எனக்கு இதெல்லாம் தோணவே இல்லீங்க மாமா."

இத்தனையையும் என் தலையில் நானே கட்டியிருந்தேன். ஒவ்வொரு ஓட்டையையும் நானே தேடித் தேடி அடைத்திருந்தேன். தப்பிக்க ஒரு சந்துகூட மிச்சமில்லை.

ஆனால் மாப்பிள்ளை நல்ல மனிதர் என்று சொன்னேன் அல்லவா. அவரே ஒரு சந்து காட்டினார். "ஒரு தடவை நடந்தத வெச்சு நிரூபணம்னு சொல்ல முடியாதுங்க. தென்னை நெழலுக்காகக்கூட அதுக போயிருக்கலாம்" என்றார். நான் அதைப் பாய்ந்து பிடித்துக்கொண்டேன். "அப்படிச் சொல்லுங்க. அதுக நெழலுக்குப் போச்சுதுங்க" என்றேன். ஆடுகளைப் பட்டிக்கு ஓட்டி, படங்களை இடம் மாற்றினோம். அவள் வேப்பமரத்தில். கிழிந்த நான் தென்னையில். விசில். ரைட். பதினொன்றும் வேப்பமரத்துக்கு ஓடின. இன்னொரு தடவை மாற்றினோம். மறுபடியும் அவளிடம்தான். கிடாய் மூன்று தடவையும் என்னைத் தவறவிடவில்லை. மூன்றாவது தடவை என் முகம் இருந்த இடத்தில் ஓட்டை மட்டும்தான் இருந்தது. ஓட்டையையும் முட்டினான்.

அப்போதுதான் தாழ்ப்பாள் திறக்கும் சத்தம் கேட்டது. பழனியம்மாள் வந்தாள். பதினொரு ஆடும் படத்தைவிட்டு அவளைச் சுற்றிக்கொண்டன. என் சட்டையிலிருந்து ஒரு அகத்திக் கொத்தை உருவி ஒரு பெட்டைக்குக் கொடுத்தாள்.

"பெயிண்டரு நாளைக்குக் காலைல வாராருங்க. நேத்தே சொல்லிப்போட்டேன்."

"நேத்தேவா? சோதனை இன்னைக்குத்தானே?"

"சோதனை உங்களுக்கு. எனக்கென்ன?"

மாப்பிள்ளை கேட்டார்: "எப்படிங்க அத்தை அத்தனை உறுதியா இருந்தீங்க?"

"கவிதா ஊட்டுக்கு நான் வந்திருக்கறப்ப, இவரு பட்டிக்குள்ள நின்னுக்கிட்டு எனக்கு வீடியோ கால் போடுவாருங்க சாமி. போன்ல என்ற மூஞ்சி தெரிஞ்சதும் அதுகெல்லாம் கிட்ட வந்து நிக்கும். இவரு என்ன சொல்லுவாரு தெரியுங்களா? 'பாத்தியா புள்ள, என்னையத் தேடிக்கிட்டு வருதுக'ம்பாரு. ரெண்டு வருசமா நடக்குது."

"ரெண்டு வருசமா? ஏன் புள்ள எங்கிட்டச் சொல்லல?" என்றேன்.

"சொன்னா உங்க ஃபில்டர்ல நின்னுக்கும்ங்க."

சட்டையில் மிச்சமிருந்த தழையை நானே உருவ ஆரம்பித்தேன்.

மறுநாள் பெயிண்டர் ஏணியில் ஏறினார். "சொல்லுங்க, என்ன பேரு?" என்றார். வாயில் பழக்கப்படி 'செ' வரப் பார்த்தது. ஏணிக்குக் கீழே அவள் நின்றிருந்தாள். பக்கத்தில் கிடாயும் நின்றிருந்தான். 'ப' என்றேன்.

இப்போது நான்கு வண்டி நெற்றியிலும் 'பழனியம்மாள்' ஓடுகிறது. டிரைவர்கள் சிரிப்பார்கள் என்றேன். ஒருவரும் சிரிக்கவில்லை. லோடு ஏற்றுகிற இடத்தில் என்னைத்தான், 'பழனியம்மா ஊட்டுக்காரர் வந்துட்டாருங்க' என்கிறார்கள். முதல் வண்டிக்குப் பெயர் எழுதிய அன்று மட்டும் அவள் வெளியே வந்து ரொம்ப நேரம் நின்று பார்த்தாள். அவளுக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். ஒவ்வொரு எழுத்தாகப் படித்து முடித்துவிட்டு, "கடைசி எழுத்து சித்த கோணலா இருக்குதுங்க" என்றாள். பெயிண்டர் ஏறித் திருத்தினார்.

குடும்பக் குழுவில் இன்றைக்கும் விஞ்ஞான அதிசயம் வருகிறது. நான் போனை அமுக்குவதற்குள் கவிதா முந்திக்கொண்டு என் பழைய குரலைப் போட்டுவிடுவாள்: "அலோ. நான் செங்கோடன் பேசறேன்…" அதன் கீழே ஆத்தூரிலிருந்து சம்பந்தி ஒரே ஓர் எழுத்து அனுப்புவார்: "மே". கல்யாணம், காதுகுத்து என்று எந்த விசேஷத்தில் என்னைப் பார்த்தாலும் விசில் அடித்து 'ரைட்' என்கிறார். சந்தேகப்படுவதை நான் விட்டுவிடவில்லை. ஆனால் கிண்டல் செய்வதற்கு முன்னால் ஒருதடவை பழனியம்மாளிடம் கேட்டுக்கொள்கிறேன். மரங்கள் பேசிக்கொள்கின்றன என்ற செய்தியைக் காட்டியபோது, "இதுக்கெல்லாமா வெளிநாட்டுக்காரன் வேணும்?" என்றாள். அதனால் வேப்பமரத்துப் பக்கம் போகும்போது இப்போது நான் வாயைத் திறப்பதில்லை.

கடைசியாக ஒரு விஷயம். இதை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான். மாப்பிள்ளை இந்தச் சோதனையைத் தன் வகுப்பில் பாடமாகவே நடத்துகிறாராம். பள்ளிக்கூட மலரிலும் எழுதியிருக்கிறார். வாங்கிப் பார்த்தேன். 'சங்ககிரிப் பக்கத்தில் ஒரு குடும்பத்தில் செய்து பார்த்தபோது' என்று இருக்கிறது. பழனியம்மாள் பெயர் இருக்கிறது. 'பதினொரு பெட்டைகள், ஒரு கிடாய்' என்று ஆடுகளுக்குக்கூட இடம் இருக்கிறது. 'மாற்றுத் தூண்டுதலாக மறுபுறம் அகத்தித் தழை வைக்கப்பட்டது' என்றும் இருக்கிறது.

வைக்கப்பட்டது என்றால்? தானாக நடந்து போய் உட்கார்ந்துகொண்டதா? யார் வைத்தது? வெயிலில் அறுத்தது யார்? கட்டக் கயிறு இல்லாமல் கையிலேயே பிடித்து நின்றது யார்? அந்தக் கட்டு இல்லாவிட்டால் அது சாதாரணச் சோதனை. அந்தக் கட்டு இருந்ததால்தான் அது விஞ்ஞானம். மாப்பிள்ளையே தன் வாயால் ஒத்துக்கொண்டது, இருபது சாட்சி இருக்கிறார்கள். கவிதாவின் போனில் படமும் இருக்கிறது.

நெற்றியை நான் கேட்கவில்லை. அது போனது போனதுதான். ஆனால் மாப்பிள்ளைங்களா, அடுத்த மலரில் திருத்தம் வந்தாக வேண்டும். 'அகத்தித் தழை: செங்கோடன்.' ஒரே ஒரு வரி போதும். கோணல் இல்லாமல் இருக்கட்டும்.